எடுக்கும் பிரிவுக்குச் செவ்வாய்க்கிழமை வரவும்

மணி பன்னிரண்டே கால். என் வலது கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது என்று, கையில் கொடுத்த தாளில் மூன்று இடத்தில் அச்சடித்திருக்கிறார்கள். எப்படி எடுப்பது என்று ஓரிடத்திலும் இல்லை. அம்மா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டாள். யாரிடமாவது சொன்னால் பயம் கொஞ்சம் குறையும் என்றுதான் சொல்ல ஆரம்பிக்கிறேன். நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம், முக்கியமாக எங்கள் பள்ளியில்.

விடிந்தால் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. எங்கள் அணி பத்துப் பேர் சேர்ந்து ஒரு பிரமிட் கட்டும். கீழே நான்கு பேர், அவர்கள் தோளில் மூன்று பேர், அதற்கு மேல் இரண்டு பேர், உச்சியில் நான். இரண்டு வருடமாக உச்சி என்னுடையது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஏறக் கூடாது என்பது போட்டி விதி. எனக்கோ மைனஸ் ஐந்து. கண்ணாடியைக் கழற்றினால் மனிதர்கள் எல்லாம் துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி தெரிவார்கள்.

போன மாதம் கண்ணாடி இல்லாமல் ஏறிப் பழகினேன். இரண்டாம் வரிசைத் தோழியின் தோள் என்று நினைத்து, பயிற்சியைப் பார்க்க வந்து பக்கத்தில் நின்றிருந்த துணைத் தலைமை ஆசிரியரின் தோளில் காலை வைத்துவிட்டேன். பாவம், நல்ல மனிதர். இரண்டு விநாடி தாங்கினார்.

அன்றே விளையாட்டு ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். அவரை நாங்கள் விசில் சார் என்போம். பேசுவதைவிட ஊதுவதுதான் அதிகம். போட்டிக்குள் நான் லென்ஸோடு வர வேண்டும், கண் சிவக்காமல் வர வேண்டும். இல்லையென்றால் உச்சியில் குருவி ஏறும். குருவி எட்டாம் வகுப்பு. புத்தகப் பை அளவுதான் எடை. அதற்குக் கண் நன்றாகத் தெரியும். அது ஒன்றுதான் அதனிடம் எனக்குப் பிடிக்காதது.

ஆகவே இன்று காலை அம்மா வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு என்னைப் பார்வை மையத்துக்கு அழைத்துப் போனாள்.

என் பயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது பேர் தோளுக்கு மேல் ஒற்றைக் காலில் நிற்க எனக்குப் பயமில்லை. என் கண்ணை என் விரலால் தொடுவது என்றால் உயிரே போய்விடும்.

வரவேற்பறை அக்கா நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கை நீட்டும் தூரத்தில் வைத்து நிரப்பச் சொன்னார். எறும்பு ஊர்வது மாதிரி எழுத்து. ஒருவரால் கண்ணாடி இல்லாமல் நிரப்ப முடிந்தால் அவருக்கு லென்ஸ் தேவையில்லை, திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார். நிரப்ப முடியாவிட்டால் விண்ணப்பம் முழுமையாக இல்லை, அதையும் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்.

"அப்ப உள்ள யாருதான் போவாங்க?" என்று அம்மா கேட்டாள்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. "அதாங்க எங்க வடிகட்டுற முறை" என்றார், பெருமையாக.

அம்மா படிவத்தைப் பிடுங்கித் தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். விண்ணப்பதாரர் கண்ணாடி போடக் கூடாது என்றுதானே விதி, விண்ணப்பதாரரின் அம்மா போடக் கூடாது என்று எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அக்கா விதிப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினார். கடைசிப் பக்கம் வரைக்கும் அம்மாக்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இதற்குள் அம்மா எழுதியே முடித்துவிட்டாள். 'முன்பு லென்ஸ் அணிந்த அனுபவம் (குறைந்தது ஓராண்டு)' என்ற இடத்தில் 'சோடாபுட்டி, எட்டு வருடம்' என்று போட்டிருந்தாள். அதைத் தொடர்புடைய அனுபவம் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

முதல் அறையில் பரிசோதகர் இருந்தார். தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, ஒன்றும் ஆகாது, சும்மா கருவியைப் பார் என்றார். பார்த்தேன். கருவி கண்ணுக்குள் 'உஃப்' என்று ஊதியது. நான் நாற்காலியோடு பின்னால் போனேன். கண்ணின் அழுத்தம் பார்க்கும் காற்று, முன்கூட்டியே சொன்னால் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள், அதனால் சொல்வதில்லை என்றார். பிறகு, இனிமேல் நான் சொல்வதை நம்பணும், சரியா என்றார்.

அப்புறம் கண்ணுக்கு முன்னால் சில்லு சில்லாகக் கண்ணாடிகளை மாற்றிப் போட்டு, முதலாவது தெளிவா, இரண்டாவது தெளிவா என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. தப்பாகச் சொல்லிவிட்டால் உச்சி போய்விடும். கடைசியில், உங்களுக்கு எது பிடிச்சிருக்கு சார் என்று கேட்டுவிட்டேன்.

அவர் கையிலிருந்த சில்லைக் கீழே வைத்தார்.

"எனக்கா?" என்றார். "எனக்கு எது பிடிக்கும்னு யாரும் கேட்டதே இல்லம்மா. நாள் முழுக்க நாந்தான் கேக்குறேன். வீட்டுக்குப் போனா இந்தச் சட்டையா அந்தச் சட்டையான்னு கேக்குறாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லத் தைரியம் வரமாட்டேங்குது."

பிறகு, இரண்டும் ஒன்றுதான் என்று என் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த வேலையில் தான் எழுதிய முதல் உண்மை இதுதான் என்று அம்மாவிடம் சொன்னாராம்.

இரண்டாவது அறை கண்ணீர்ப் பிரிவு. லென்ஸ் போட வேண்டுமென்றால் கண்ணில் ஈரம் போதுமான அளவு ஊற வேண்டும். அதை அளக்க, மெல்லிய தாள் பட்டை ஒன்றை மடித்து ஒவ்வொரு கீழ் இமையிலும் மாட்டித் தொங்கவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் பத்து மில்லிமீட்டருக்குக் குறையாமல் நனைய வேண்டும், பதினைந்தைத் தாண்டக் கூடாது. இரண்டு கண்ணிலும் பட்டை தொங்க உட்கார்ந்திருந்தேன். துணிக்கடை பொம்மைக்குக்கூட விலைச்சீட்டைக் கழுத்தில்தான் மாட்டுவார்கள்.

எனக்குப் பயத்தில் பொலபொலவென்று கொட்டியது. பட்டை முப்பத்தைந்து மில்லிமீட்டரும் நனைந்து மூக்கில் வழிந்து சட்டையில் சொட்டியது. கண்ணீர் அதிகாரி அளவுகோலோடு குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது பயத்துல வந்த கண்ணீர். இது செல்லாது. எங்களுக்குச் சும்மா வர்ற கண்ணீர்தான் வேணும்."

"சும்மா யாருக்கு சார் கண்ணீர் வரும்?" என்றாள் அம்மா.

"வரும்மா. எனக்குத் தினமும் சாயந்திரம் நாலு மணிக்கு வருது. ஒரு காரணமும் கிடையாது" என்றார் அவர், அளவுகோலைத் துடைத்தபடி.

என் பயத்தைப் போக்குவது தன் கடமை என்று அவர் நினைத்தார். அதற்காக, லென்ஸால் கண்ணுக்கு என்னென்ன வரலாம் என்று வண்ணப் படங்கள் உள்ள ஒரு புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகக் காட்டி, இதெல்லாம் வராது, பயப்படாதே என்றார். பதினோராம் பக்கத்தில் எனக்கு அழுகை நின்றுவிட்டது. அதோடு மற்ற எல்லாமும் நின்றுவிட்டது. இரண்டாம் முறை பட்டை வைத்தபோது நான்கு மில்லிமீட்டர்தான் நனைந்தது. மூன்றாம் முறை ஒன்றுமே இல்லை. பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வறண்ட கண், லென்ஸ் கிடையாது என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

எனக்குக் குருவியின் முகம் கண் முன்னால் வந்தது. அம்மா தன் விரல்களை மடக்கிக் கூட்டிப் பார்த்தாள். முப்பத்தைந்து, நான்கு, சைபர். மூன்றால் வகுத்தால் என்ன வருகிறது என்று அவரிடமே கேட்டாள். அவர் கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். பதின்மூன்று. எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். இவ்வளவு ஆரோக்கியமான கண்ணை இந்த அறையில் பார்த்ததே இல்லை என்றார்.

அதற்கப்புறம்தான் விஷயம் பெரிதாகிவிட்டது. நான் இரண்டு பிரிவிலும் தேறிவிட்டேன் என்ற செய்தி பரவி, கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அறைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து என்னைப் பார்த்தார்கள். எல்லோருமே தடித்தடியான கண்ணாடி போட்டிருந்தார்கள். மூன்றாவது அறைக்கு நாங்கள் போனபோது பின்னாலேயே பதினைந்து பேர் வந்தார்கள். நடுவில் தலைமை மருத்துவர். அவர் கண்ணாடி எல்லாருடையதையும்விடத் தடிமன். உள்ளே கண் இரண்டும் தூரத்தில் எங்கோ கிணற்றடியில் கிடப்பது மாதிரி இருந்தன. சுவரில் ஒரு கேடயம் மாட்டியிருந்தது. அதன் முன்னால் நின்று அவர் பேசினார்.

இந்த மையம் தொடங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது, லென்ஸ் போட்டு ஒருவருக்குக்கூடக் கண் சிவந்ததில்லை, ஒருவர்கூடப் புகார் சொன்னதில்லை, இந்தச் சாதனைக்குத்தான் இந்தக் கேடயம் என்றார். கைதட்டினார்கள். ஓர் ஊழியர் இரும்பு அலமாரியின் பூட்டை எண்ணெய் விட்டுத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். இன்று வலது கண் மட்டும்தான், இடது கண் பிரிவு புதன்கிழமைதான் இயங்கும் என்றார்கள். எனக்கு ஒரு கண் போதும். தோள் எது, துணைத் தலைமை ஆசிரியர் எது என்று தெரிந்தால் சரி.

பெட்டியின் முத்திரையை உடைத்தார்கள். உள்ளே மூடிய சின்னக் குப்பியில், திரவத்துக்குள், மீன் செதில் மாதிரி ஒன்று மிதந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

இதை யார் போட்டுவிடுவது?

பயிற்சி அதிகாரியை முன்னால் தள்ளினார்கள். அவர் தான் படத்தில் பார்த்திருப்பதாகவும், படத்தில் கண் பக்கவாட்டில் இருந்ததாகவும் சொன்னார். தலைமை மருத்துவரை எல்லோரும் மரியாதையோடு பார்த்தார்கள். அவர் விரலை என் கண்ணுக்கு அருகே கொண்டு வந்தார். நான் கண்ணை இறுக்கி மூடினேன். திறந்து பார்த்தால் அவரும் மூடியிருந்தார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். "சின்னப் பொண்ணு. இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ரொம்ப நிம்மதியாகத் தலையாட்டினார்கள். ஓர் ஊழியர் பெட்டியை மூடவே போய்விட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல் வந்தது. நாளைக்குப் போட்டி சார் என்றேன். குரல் எங்கிருந்தோ வந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், துடைத்தேன், லென்ஸை விரல் நுனியில் வைத்துக்கொண்டேன். அது கிண்ணம் மாதிரி நிற்க வேண்டும், தட்டு மாதிரி விரிந்தால் உள்வெளி மாறியிருக்கிறது என்று சுவரில் படம் இருந்தது. மறு கையால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலைக் கண்ணருகே கொண்டு போனேன். கண் தானாக மூடிக்கொண்டது.

அம்மா காதோரம் குனிந்தாள். "வாயை மூடிட்டுக் கண்ணைத் தொற. வீட்டுல இதை மாத்தித்தான் செய்வ."

முதல் தடவை லென்ஸ் மூக்கில் ஒட்டியது. இரண்டாம் தடவை தலைமை மருத்துவரின் கோப்பின் மேல் விழுந்தது. அதைத் திரவத்தில் அலசிக் கொடுத்தார்கள். மூன்றாம் தடவை குளிர்ச்சியாக ஏதோ பட்டது. இமைத்தேன். விரலில் ஒன்றும் இல்லை.

பார்த்தேன். ஒரு கண்ணால்தான் பார்த்தேன். பதினைந்து பேரின் முகத்திலும் மூக்கின் மேல் கண்ணாடி அழுத்திய தழும்பு இருந்தது. கேடயத்தில் பெரிய எழுத்துக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி தெரிந்தது. அதை வாய்விட்டுப் படித்தேன். 'இதுவரை லென்ஸ் பெற்றவர்கள்: இல்லை.'

தலைமை மருத்துவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

"அதனாலதாம்மா பாதிப்பே இல்ல" என்றார். "பக்கத்து மையத்துல குடுக்க ஆரம்பிச்சாங்க. மூணே மாசத்துல ஒருத்தருக்குக் கண் சிவந்துபோச்சு. நாங்க அப்படி எல்லாம் அலட்சியமா இருக்கறதில்ல."

அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். என் கண்ணை அருகில் வந்து பார்த்தார். சிவக்கிறதா என்றார். இல்லை என்றேன். இனியும் சிவக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது, போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது, தண்ணீர் படக் கூடாது என்று சொல்லி ஒரு தாளும், லென்ஸ் வைக்கிற சின்ன டப்பாவும், திரவப் புட்டியும் கொடுத்தார். சரி, எப்படி எடுப்பது என்று அம்மா கேட்டாள்.

"அது எங்க பொறுப்பு இல்லம்மா. எடுக்கும் பிரிவு தனி. அதுக்கு ஆள் கேட்டு எழுதினோம். போடாத ஒண்ண எடுக்க ஆள் எதுக்குன்னு மேலிடத்துல கேட்டாங்க. கேள்வி நியாயமாத்தான் இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை யாரையாவது வரச் சொல்றேன்."

நாங்கள் கிளம்பும்போது ஊழியர் ஏணி போட்டுக் கேடயத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தார். செவ்வாய் வரைக்கும் அப்படியே இருக்குமாம்.

எட்டு மணி நேரம் ராத்திரி பத்துக்கே முடிந்துவிட்டது. அம்மா மையத்துக்கு ஐந்து தடவை போன் போட்டாள். வேலை நேரம் முடிந்தது என்று பதிவு செய்த குரல் சொன்னது. தாளின் பின்பக்கம் 'எடுக்கும் முறை' என்று தலைப்பு இருக்கிறது. அதற்குக் கீழே 'நேரில் விளக்கப்படும்' என்று இருக்கிறது. அம்மா முயற்சி செய்கிறேன் என்று வந்தாள். என் இமையைத் தொட்டதுமே கையை எடுத்துவிட்டாள். நாள் முழுக்க அந்தப் பதினைந்து பேரையும் சமாளித்தவள் நாற்காலியில் உட்கார்ந்து, என்னால முடியாதுடி என்றாள்.

தூங்கினால் கண் சிவக்கும், விசில் சார் ஏற விடமாட்டார். தூங்காமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தால், உச்சியிலிருந்து தூக்கத்தில் விழுவேன். எப்படிப் பார்த்தாலும் குருவிதான்.

இப்போது மணி ஒன்று.

நடந்ததைச் சொல்கிறேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். விரலைக் கொண்டு போவேன், கண் மூடிக்கொள்ளும். மறுபடி, மறுபடி. இருபது தடவை இருக்கும். பிரமிட் ஞாபகம் வந்தது. ஏறுவதை எல்லோரும் பார்க்கிறார்கள். எங்களுக்குப் பயிற்சி அதிகம் இறங்குவதில்தான். உச்சியிலிருந்து இறங்கும்போது கீழே பார்த்தால் கால் உதறும். அதனால் விசில் சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மூன்றே விஷயம் சொல்லிக்கொடுத்தார்: மேலே பார், கீழே சறுக்கு, ரெண்டு பக்கமும் பிடிச்சுக்குவாங்க.

கையைக் கழுவித் துடைத்தேன். கூரையைப் பார்த்தேன். கூரை மூலையில் ஒரு விரிசல் இருக்கிறது, அதையே பார்த்தேன். கீழ் இமையை இழுத்துப் பிடித்து, விரல் நுனியால் லென்ஸைத் தொட்டு, கீழே கண்ணின் வெள்ளைப் பகுதிக்குச் சறுக்கவிட்டேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டன.

வந்துவிட்டது.

விரலில் அது சுருண்டு உட்கார்ந்திருந்தது. இவ்வளவுதானா என்று கோபம்கூட வந்தது. டப்பாவில் திரவம் விட்டுப் போட்டு மூடினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்ணைப் பார்த்தேன். சிவப்பு இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. காலையில் திரும்பப் போட்டுக்கொள்வேன். அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, ஆறு மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும், போய்ப் படு என்றாள்.

படுக்கப் போனபோதுதான் போன் அடித்தது. படிவத்தில் கொடுத்த எண்ணுக்குத்தான். தலைமை மருத்துவர்.

அகாலத்தில் கூப்பிட்டதற்கு மன்னிக்க வேண்டும் என்றார். தூக்கம் வரவில்லை என்றார். எடுத்துட்டியாம்மா என்று கேட்டார். எடுத்துவிட்டேன் என்றேன். சிவப்பா என்றார். இல்லை என்றேன். போனில் பெரிய மூச்சு ஒன்று கேட்டது. எப்படி எடுத்தாய் என்றார். சொன்னேன். மேலே பார்க்கணும், கீழே சறுக்கணும், ரெண்டு பக்கமும் பிடிக்கணும். பேனா கிறுக்குகிற சத்தம் கேட்டது. இரண்டாவதை மறுபடி சொல்லச் சொன்னார். செவ்வாய்க்கிழமை எடுக்கும் பிரிவுக்கு வர முடியுமா என்று கேட்டார். எதற்கு சார், நான்தான் எடுத்துவிட்டேனே என்றேன். இல்லம்மா, பிரிவுக்கு ஆள் வேணும் என்றார். பள்ளி இருக்கிறது என்றேன். அதுவும் சரிதான் என்றார்.

அப்புறம் அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"வலிச்சுதாம்மா?"

"வலிக்கல சார். பயமாத்தான் இருந்துச்சு."

"பயத்துக்கு எங்ககிட்ட பிரிவே இல்லையேம்மா" என்றார். பிறகு, ரகசியம் சொல்கிற குரலில், பெட்டியிலிருந்து ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டதாகச் சொன்னார். இருபத்திரண்டு வருடமாக ஆசை. பத்து மணியிலிருந்து மேசையில் ஒரு தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாராம். அவருக்கு மைனஸ் எட்டு.

எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஆனால் அந்தக் குரலைத் தனியாக விட மனசு வரவில்லை. கை கழுவிட்டீங்களா என்று கேட்டேன். மூன்று தடவை கழுவிவிட்டேன் என்றார்.

"அப்ப முதல்ல கண்ணாடியைக் கழட்டி வைங்க சார்."

கண்ணாடியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"கழட்டிட்டேம்மா" என்றார். "இப்ப லென்ஸ் எங்க இருக்குன்னு தெரியல."

நான் போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தேன். அந்தப் பக்கம் அவர் தட்டைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.